புழுவைக் கொல்லும் புண்ணியம்

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஆடு மாடுகளுக்குக் குறைவில்லை. ஒரு விளக்கு அணையாமல் எரிய நாளுக்கு ஓர் உழக்கு நெய் வேண்டும். அதற்கு 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை என்று கணக்குப் பிரித்து இடையர் கையில் ஒப்படைத்தார்கள் ராஜராஜன் காலத்து அதிகாரிகள். அப்படிக் கொடுத்த ஆடுகள் சாவதும் இல்லை, மூப்பதும் இல்லை என்று சோழர் கல்வெட்டுகள் வருணிக்கும். எது செத்தாலும், எது கிழடு தட்டினாலும், இடையர்தான் ஈடுகட்டி எண்ணிக்கையை நிலைநிறுத்த வேண்டும் என்பதுதான் அதன் பொருள். கல்லில் இப்படி எழுதிவிடலாம். காவிரித் தண்ணீர் பாயும் ஊரில் மாட்டை வைத்துக் காப்பாற்றுவது வேறு கதை.

மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறப்பது வழக்கம். தண்ணீர் கடைமடை சேர்ந்து வயலும் வாய்க்காலும் நனைந்ததும் நத்தைகள் பெருகும். சாணத்தோடு வெளியேறிய தட்டைப்புழுவின் முட்டை தண்ணீரில் பொரிக்கும். குஞ்சு நத்தைக்குள் புகும். அங்கே பலவாகப் பெருகி, மறுபடி நீந்தி வந்து கரையோரப் புல்லில் கூடு கட்டி ஒட்டிக்கொள்ளும். அந்தப் புல்லை மாடு மேயும். சில வாரங்களில் கழிச்சல், மெலிவு, தாடைக்குக் கீழே நீர் கோத்த வீக்கம். நெல்லுக்கு எது நல்ல ஆண்டோ அதுவே ஈரல் புழு எனப்படும் இந்தத் தட்டைப்புழுவுக்கும் நல்ல ஆண்டு. ஆழச் சேற்றில் உழுவதற்கென்றே பேர்வாங்கிய உம்பளாச்சேரி மாடும் இதற்கு விலக்கல்ல.

இது தட்டைப்புழுவின் பாடு. உருண்டைப்புழு வேறு, தோலைத் தின்னும் சொறிப்பூச்சி வேறு, மடிக்கும் காதுக்கும் இடம் பிடிக்கும் உண்ணி வேறு. ஒரு வகை உருண்டைப்புழு, தாய் மாட்டின் சதைக்குள் குஞ்சாக உறங்கிக் கிடந்து, கன்று பிறந்ததும் பால் வழியாகவே கன்றின் குடலுக்குப் போய்ச் சேர்கிறது. கன்றுக்குப் பத்து நாளிலேயே முதல் குடற்புழு மருந்து கொடுங்கள் என்று கால்நடை மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். தாய்ப்பாலில் இருந்து தொடங்குகிற பகை!

இந்தப் பகைக்கு மருந்து என்றால் கொலைதான். குடற்புழு நீக்கம் என்று நாசூக்காகச் சொல்கிறோம். ஒரு மாட்டைப் பிழைக்க வைக்க அதன் வயிற்றில் இருக்கும் ஆயிரக்கணக்கான உயிர்களைச் சாகடிக்கிறோம். இது பாவமா? கேள்வி சிரிப்பாகத் தோன்றலாம். ஆனால் இதைச் சிரிக்காமல் கேட்டவர்கள் இதே வட்டாரத்தில் உண்டு. கரந்தையிலும் மன்னார்குடியிலும் தீபங்குடியிலும் கும்பகோணத்திலும் சமணக் கோயில்கள் இன்றும் இருக்கின்றன. சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க முனைந்த உ.வே.சாமிநாதையர், கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராக இருந்தபடியே அந்த ஊர்ச் சமணக் குடும்பங்களிடம் போய்ப் பாடம் கேட்டுத்தான் 1887-ல் நூலை வெளிக்கொண்டு வந்தார். வடநாட்டுச் சமணர் பெரும்பாலும் வணிகர். தமிழ்ச் சமணரோ பெரும்பாலும் நிலம் வைத்து உழுதவர்கள். ஏர் ஓட்டினால் மண்புழு சாகும், மாடு வைத்தால் உண்ணி பிடுங்க வேண்டும் என்று தெரிந்தேதான் கொல்லாமையைப் பிடித்துக்கொண்டார்கள். ஆகவே அவர்கள் சொல்வதைக் கேட்பதில் பொருள் இருக்கிறது.

உயிர்களை அறிவின் படிகளாக வரிசைப்படுத்துவது சமணத்துக்கும் உண்டு, தொல்காப்பியத்துக்கும் உண்டு. தொல்காப்பியத்தின்படி புல்லும் மரமும் ஓரறிவு. நத்தையும் சிப்பியும் இரண்டு. கறையானும் எறும்பும் மூன்று. நண்டும் வண்டினமும் நான்கு. விலங்கு ஐந்து, மனிதன் ஆறு. குடற்புழுவைச் சமண நூல்கள் தொடுதலும் சுவையும் மட்டும் உள்ள ஈரறிவு உயிர்களோடு சேர்க்கும். ஐயறிவு மாட்டுக்காக ஈரறிவுப் புழு போகட்டும் என்று இந்த வரிசையை வைத்துச் சமாதானம் சொல்லிவிடலாம். பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்த வரிசையைக் கையில் எடுத்தவர் கடைசிவரை அதற்குக் கட்டுப்பட வேண்டும். நான்கு அறிவுள்ள வண்டு இதில் எங்கே வருகிறது என்பதைப் பிறகு பார்ப்போம்.

சமணத் தத்துவத்தின் சாரமென்று மதிக்கப்படும் தத்துவார்த்த சூத்திரத்தில் உமாஸ்வாதி கொலைக்கு ஓர் இலக்கணம் வகுக்கிறார். உயிர் பிரிவதோடு அவர் நிறுத்தவில்லை. அசட்டையால், மனம் பிசகிய நிலையில், உயிரைப் பிரிப்பதையே இம்சை என்கிறார். பிற்கால சமண ஆசிரியர்கள் இல்லறத்தாருக்கு இதை இன்னும் விரித்தார்கள்: கொல்ல வேண்டும் என்றே கொல்வது ஒரு வகை, அடுப்பு மூட்டுவதில், வீடு பெருக்குவதில் நேர்வது ஒரு வகை, தொழிலில் நேர்வது ஒரு வகை, தற்காப்பில் நேர்வது ஒரு வகை. முதலாவதை இல்லறத்தார் அறவே விலக்க வேண்டும். மற்ற மூன்றும் அவர்களுக்குத் தவிர்க்க முடியாதவை, ஆனாலும் குறைக்க வேண்டியவை. குஜராத்தில் இதன் எல்லைக்கே போனவர்களும் உண்டு. அகமதாபாத் பிஞ்ஜ்ராபோல் என்ற கால்நடைக் காப்பகத்தில், வீடு பெருக்கிய குப்பையோடு வரும் பூச்சிகளைக் கொட்டி வாழவிடத் தனி அறையே வைத்திருந்தார்கள்.

அதே அகமதாபாத்தில்தான் 1928-ல் ஒரு கன்றுக்குப் போட்ட ஊசி நாட்டையே கிளறிவிட்டது. சபர்மதி ஆசிரமத்துக் கன்று ஒன்று பிழைக்க வழியில்லாமல் துடித்துக் கிடந்தது. காந்தி மருத்துவரை வரவழைத்து, விஷ ஊசி போட்டு அதன் உயிரை முடிக்கச் சொன்னார். கண்டனக் கடிதங்கள் குவிந்தன. காந்தியின் பதில், சுருக்கமாகச் சொன்னால் இதுதான்: நோயாளியின் நன்மைக்காகக் கத்தி வைக்கும் மருத்துவர் இம்சை செய்யவில்லை, துடிக்கும் உயிரின் வேதனையைத் தீர்க்க வேறு வழியே இல்லாதபோது அதை முடித்து வைப்பதும் அந்த வகைதான். அவர் சொன்னது சரியா என்று இன்றும் விவாதிக்கலாம். ஒன்று மட்டும் கவனிக்கத் தக்கது. ஊசி போடுவதற்கு முன்பு அந்தக் கன்றுக்கு ஆன பணிவிடையெல்லாம் செய்து பார்த்திருந்தார்கள். அசட்டைக்கு அங்கே இடமில்லை.

புழுவின் கேள்வியையே நேராக எதிர்கொண்டவர் ஆல்பர்ட் ஷ்வைட்சர். 1913 முதல் இன்றைய காபோன் நாட்டின் லாம்பரெனேயில் மருத்துவம் பார்த்தவர். ஆப்பிரிக்கத் தூக்க நோய், ஈ கடித்து ரத்தத்தில் ஏறும் ஒட்டுண்ணியால் வருவது. அதற்குப் புது ஊசி மருந்துகள் வந்தபோது மகிழ்ந்தவர், நுண்ணோக்கியில் அந்தக் கிருமியைப் பார்க்கும்போதெல்லாம் ஓர் உயிரைக் காக்க இன்னோர் உயிரை அழிக்கிறேனே என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை என்று எழுதினார். மிகையான மென்மை என்று சிலர் நினைக்கலாம். ஆனால் அந்த எண்ணம் இல்லாத இடத்தில் என்ன நடந்தது என்பதற்கு ஆப்பிரிக்காவிலேயே சான்று இருக்கிறது. அதே தூக்க நோய்க்கான டிரிபார்சமைடு என்ற ஆர்சனிக் ஊசி, அளவு மீறினால் பார்வை நரம்பைக் கெடுக்கும். கேமரூனின் பாஃபியா பகுதியில் 1930-ஐ ஒட்டி, அளவைக் கூட்டிப் போட்டதில் சுமார் 700 பேர் கண்ணை இழந்தார்கள். ஊசி போட்டவர் கொல்ல நினைத்தவர் அல்லர். சீக்கிரம் குணமாக்க நினைத்தவர்தான். உமாஸ்வாதியின் இலக்கணத்தை வைத்துப் பார்த்தால் அங்கே இம்சை ஒட்டுண்ணி செத்ததில் இல்லை.

திரும்பவும் மாட்டுக் கொட்டகைக்கு வருவோம். இன்று மாட்டுக்கும் ஆட்டுக்கும் தோலுக்கடியில் போடும் ஒட்டுண்ணி ஊசிகளில் பெயர் பெற்றது ஐவர்மெக்டின். ஜப்பானின் இட்டோ நகரில் ஒரு கோல்ஃப் மைதானத்தின் அருகே சதோஷி ஓமுரா அள்ளிய மண்ணில் இருந்த நுண்ணுயிரிலிருந்து பிறந்தது. வில்லியம் கேம்பல் குழுவினர் மருந்தாக்கினார்கள். 1981-ல் கால்நடைக்கு வந்தது. 1987-லிருந்து ஆப்பிரிக்காவின் ஆற்றுக் குருடு நோய்க்கு மனிதருக்கும் மாத்திரையாக இலவசமாகக் கிடைத்தது. 2015-ல் இருவருக்கும் நோபல் பரிசு. புழுவின் நரம்பையும் தசையையும் இந்த மருந்து செயலிழக்கச் செய்யும். பாலூட்டிகளின் மூளைக்குள் அது எளிதில் நுழையாதபடி உடலிலேயே ஒரு தடுப்பு இருப்பதால் மாடு தப்பிக்கிறது. அந்தத் தடுப்பு பிறவியிலேயே பழுதான கோலி இன நாய்கள் பலவற்றுக்கு இதே மருந்து எமன்.

பாட்டிலோடு வரும் மடித்த காகிதத்தைப் படிப்பவர் குறைவு. அதில் இருப்பது ஓர் அற நூல் என்று சொன்னால் கொஞ்சம் அதிகப்படிதான், ஆனாலும் சொல்லலாம். ஒரு சதவீத மருந்தானால் 50 கிலோ எடைக்கு 1 மில்லி. தோலுக்கடியில் மட்டும்; சதையிலோ ரத்தக் குழாயிலோ கூடாது. மாட்டின் எடையைக் கண்ணால் மதிப்பிடுவதில்தான் பிழை தொடங்குகிறது. 300 கிலோ மாட்டை 200 என்று நினைத்தால் 6 மில்லி போக வேண்டிய இடத்தில் 4 மில்லி போகும். சாகாமல் தப்பிய புழுக்கள் மருந்துக்குப் பழகி, அடுத்த தலைமுறையையும் பழக்கும். குத்துமதிப்பு வேண்டாம், நெஞ்சுச் சுற்றளவை நாடாவால் அளந்து எடையைக் கணக்கிடுங்கள் என்று மருத்துவர்கள் சொல்வது நச்சரிப்பு அல்ல. நோயாளி எப்படிப்பட்டவர், நோய் எவ்வளவு, காலம் எது என்று மூன்றையும் எண்ணி வைத்தியம் செய்யச் சொல்லும் திருக்குறளின் மருந்து அதிகாரமும் இதையேதான் கேட்கிறது.

நோய் எது என்பதற்கு டெல்டாவில் தனி எச்சரிக்கை வேண்டும். ஐவர்மெக்டின் தட்டைப்புழுவை ஒன்றும் செய்யாது. வாய்க்கால் கரையில் மேய்ந்து ஈரல் புழு ஏறிய மாட்டுக்கு இந்த ஊசியைப் போட்டால் குற்றமற்ற வேறு புழுக்கள் சாகும், குற்றவாளி சுகமாக இருப்பான், மாடு மெலிந்துகொண்டே போகும். சாணத்தை ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டு போய்க் கால்நடை மருந்தகத்தில் பரிசோதித்தால் எந்தப் புழு என்று முட்டையைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். ஒரத்தநாட்டில் 2012 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. இருந்தும் கடையில் பாட்டிலை வாங்கிப் பக்கத்து வீட்டுக்காரரைக் கொண்டு ஊசி போட்டுவிடும் பழக்கம் போகவில்லை. எந்த உயிரை எதற்காகக் கொல்கிறோம் என்றே தெரியாமல் கொல்வதற்கு எந்தச் சமயத்திலும் மன்னிப்பு கிடைப்பது கடினம்.

அடுத்தது பால். ஐவர்மெக்டின் கொழுப்பில் கரைவது, பாலில் இறங்கும். கறக்கும் மாட்டுக்குப் போடாதீர்கள் என்று பல நாடுகளில் மருந்துப் பெட்டியிலேயே அச்சடித்திருக்கும். இங்கே ஒரு சைவ வட்டாரத்துக்கே உரிய சிக்கல் எழுகிறது. காலையில் கறந்த பாலில் பாதி சொசைட்டிக்கும் கொஞ்சம் சிவன் கோயில் அபிஷேகத்துக்கும் போகிறது. ஊசி போட்ட மாட்டின் பாலை லிங்கத்தின் மேல் ஊற்றலாமா?

கன்று ஈன்று பத்து நாள் ஆகாத பசுவின் பாலைத் தர்ம சாஸ்திரங்கள் விலக்கின. அந்தப் பால் கன்றுக்கு உரியது என்ற நியாயம் அதில் மறைந்திருக்கிறது. மருந்துக்கான காத்திருப்பு நாள்களைப் புதிய தீட்டாகக் கொள்வதற்கு ஆகமம் தெரிந்தவர்கள் மறுப்புச் சொல்வார்கள் என்று தோன்றவில்லை. சொல்லப்போனால் இந்தப் பூமியின் பெரிய பால் கதையே மாட்டின் மேல் வைத்த அக்கறையில் தொடங்குகிறது. மண்ணியாற்றங்கரைச் சேய்ஞலூரில் இடையன் ஒருவன் பசுவை அடித்ததைப் பொறுக்காமல் மேய்ச்சலைத் தானே ஏற்றுக்கொண்ட சிறுவன் விசாரசருமன். பசுக்கள் தாமாகச் சொரிந்த பாலை மணல் லிங்கத்துக்கு ஊற்றினான். அதனால் ஊராருக்குப் பால் குறையவும் இல்லை என்கிறது பெரிய புராணம். அவனே சண்டேசுவரராகி இன்று ஒவ்வொரு சிவன் கோயிலிலும் இருக்கிறார். அவர் கதையில் முதலில் வருவது மாட்டின் நலம், அடுத்து ஊரார் பங்கு, அபிஷேகம் அதற்குப் பிறகுதான்.

இனி அந்த வண்டு. ஊசியாகப் போன ஐவர்மெக்டினில் பெரும்பங்கு மாற்றமில்லாமல் சாணத்தோடு வெளியே வருகிறது, நாள் கணக்கில். சாணத்தை உருட்டியும் புதைத்தும் மண்ணுக்குச் சேர்க்கும் சாண வண்டின் குஞ்சுகள் அதில் வளர முடியாமல் சாகின்றன. 1987-ல் இங்கிலாந்தில் வால், ஸ்ட்ராங் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வு இதை உலகத்துக்குச் சொன்னது. வயிற்றில் தங்கி மெல்லக் கசியும் மருந்து கொடுத்த கன்றுகளின் சாணம், வண்டில்லாமல், மக்காமல் அப்படியே கிடந்தது. அறுவடை முடிந்த தஞ்சை வயல்களுக்கு ராமநாதபுரம் பக்கத்துக் கீதாரிகள் மந்தையோடு வந்து கிடை போடுவது பழைய வழக்கம். எருவுக்காகத்தான் வயல்காரர் காசு கொடுக்கிறார். கிடைக்கு முந்தின நாள் மந்தைக்கு ஊசி போட்டிருந்தால் வயலில் விழுவது எருவோடு பூச்சிக்கொல்லியும்தான். அறிவின் படி வரிசைப்படி புழுவுக்கு இரண்டு, வண்டுக்கு நான்கு. ஈரறிவைக் கொன்று ஐயறிவைக் காத்தோம் என்று கணக்கு எழுதியவர் நடுவில் செத்த நாலறிவை எந்தப் பத்தியில் எழுதுவார்?

மாட்டுக்குப் போட்ட ஊசி மாட்டோடு நிற்காது என்பதற்கு இந்தியாவின் கொடிய பாடம் ஒட்டுண்ணி மருந்தில் நேரவில்லை, வலி மருந்தில் நேர்ந்தது. நொண்டிய மாட்டுக்கும் கிழட்டு மாட்டுக்கும் இரக்கத்தோடு போட்ட டைக்ளோஃபினாக், செத்த மாட்டின் உடலிலிருந்து பாறுக் கழுகுக்குப் போய் அதன் சிறுநீரகத்தை அழித்தது. வெண்முதுகுப் பாறு 99 சதவீதத்துக்கும் மேல் மறைந்தது. 2006-ல் கால்நடைக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். கழுகைக் கொல்லாத மெலாக்சிகாம் மாற்றாக வந்தது. 2023-ல் கீட்டோபுரோஃபெனும் அசிக்ளோஃபினாக்கும் தடைப்பட்டன. தமிழ்நாட்டில் பாறுகளுக்கு மிச்சமிருக்கும் பெரிய புகலிடம் நீலகிரி அடிவாரத்து மாயாற்றுப் பள்ளத்தாக்கு. டெல்டாவில் அவை இல்லை. இருந்தாலும் டெல்டாவில்தான் வைத்தீஸ்வரன்கோயில் இருக்கிறது. சிவன் அங்கே வைத்தியநாதன். ராமன் ஜடாயுவுக்கு ஈமக்கடன் செய்த இடம் என்று கோயிலுக்குள் ஜடாயு குண்டத்தைக் காட்டுகிறார்கள். அங்கே தரும் திருச்சாந்துருண்டையைப் பக்தர்கள் நோய்க்கு மருந்தாக உண்கிறார்கள். மருத்துவனுக்கும் கழுகுக்கும் ஒரே கோயிலில் இடம் கொடுத்த ஊரைவிட்டு அதிக தூரம் போகாமலே இந்த விவாதத்தை நடத்திவிடலாம்.

அப்படியானால் ஊசியே வேண்டாமா? அது சோம்பேறியின் முடிவு. சொறி பிடித்துத் தோல் உரிந்த கன்றை, அகிம்சை என்று சொல்லிக்கொண்டு பார்த்திருப்பவர், பூச்சிக்குக் காட்டிய கருணையைக் கன்றுக்கு மறுத்தவர். ஊசி தேவைப்படாமல் இருக்கச் செய்யக்கூடியவை நிறைய உண்டு. தண்ணீர் நின்ற கரையில் மேய விடாமல் இருப்பது, சாணத்தை மட்கவைத்துச் சூட்டில் முட்டைகளை அழித்துப் பிறகு வயலுக்குக் கொண்டுபோவது, அறுவடை வயலில் வாத்து மேய்ப்பவர்களை வரவேற்பது. வாத்து நத்தையைத் தின்னும். தட்டைப்புழுவின் நடு வீடு இடியும். இதிலும் நத்தை சாகிறதே என்றால், ஆம், சாகிறது. கொலையே இல்லாத வழி என்று ஒன்று இருந்ததா?

ஒன்று இருந்தது போலத் தோன்றியது. தமிழ்நாட்டிலும் ஒரு காலத்தில் இருந்த நரம்புச் சிலந்தி நோய்க்கு மருந்தும் கிடையாது, ஊசியும் கிடையாது. புழுவின் குஞ்சைச் சுமக்கும் நுண்ணிய நீர்ப்பூச்சியைத் தண்ணீரோடு குடித்தால் மனிதனுக்குள் ஒரு முழ நீளத்துக்கும் மேல் வளரும். ஒழித்ததற்கு முக்கிய ஆயுதம் துணி: தண்ணீரை வடிகட்டிக் குடிக்கச் சொன்னார்கள். இந்தியாவின் கடைசி நோயாளி 1996-ல் ராஜஸ்தானில் கண்டறியப்பட்டார். 2000-ல் நாடு விடுபட்டதாக உலக சுகாதார நிறுவனம் சான்று தந்தது. சமணர்கள் நூற்றாண்டுகளாகச் செய்துவருவதும் இதையேதான்: நீரில் உள்ள சிற்றுயிர் சாகக் கூடாது என்று துணியில் வடிகட்டிக் குடிப்பது. ஆனால் அவர்கள் விதியில் இன்னொரு பாதி உண்டு. துணியில் தங்கிய உயிர்களை எடுத்த நீர்நிலையிலேயே பத்திரமாகத் திரும்ப விட வேண்டும். புழுவின் குஞ்சைச் சுமந்த நீர்ப்பூச்சியும் அதோடு கிணற்றுக்குத் திரும்பும். வடிகட்டாமல் குடிக்கும் அடுத்த ஆளுக்காகக் காத்திருக்கும். வடிகட்டியவர் கொல்லவில்லை, அடுத்தவர் நோயாளி ஆனார். இந்த முடிச்சை அவிழ்க்கச் சுகாதாரத் துறை சாஸ்திர விளக்கத்துக்குக் காத்திருக்கவில்லை. ஆபத்தான கிணறுகளிலும் படிக்கிணறுகளிலும் டெமிஃபாஸ் என்ற பூச்சி மருந்தை, குடிக்கும் மனிதருக்குத் தீங்கு வராத அளவு அளந்து ஊற்றிவிட்டுப் போனது.